சிஸ்டர் மருந்து எழுதிக் கொடுத்தால் நம்புவீர்களா?

இரவு மணி பத்தரை. குழந்தைக்கு உடம்பு அனலாகக் கொதிக்கிறது. வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் கிளினிக்கைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டுமோ, எவ்வளவு செலவாகுமோ! என்ன செய்வீர்கள்?

பக்கத்து ஃபிளாட்டிலோ, தெருக்கோடியிலோ ஒரு நர்ஸ் குடியிருந்தால் முதலில் அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டுவீர்கள். "சிஸ்டர், கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்களேன்... இதைக் கொடுக்கலாமா?" என்று போன வருடம் வாங்கிய மருந்து பாட்டிலை நீட்டுவீர்கள். டியூட்டி முடிந்து அப்போதுதான் சாப்பிட உட்கார்ந்த அவரும் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து வருவார். குழந்தையைத் தொட்டுப் பார்ப்பார். மூச்சு விடுவதைக் கவனிப்பார். "பயப்படாதீங்க, காலையில டாக்டர்கிட்ட காட்டுங்க" என்பார். அல்லது, "இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க, நேரம் கடத்தாதீங்க" என்று விரட்டுவார். அவர் சொன்னால் சொன்னதுதான். மறுபேச்சு கிடையாது.

இப்போது கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டுப் பார்ப்போம். அதே சிஸ்டர், தன் பெயர் அச்சிட்ட சீட்டில், தன் கையெழுத்தைப் போட்டு மருந்து எழுதிக் கொடுக்கலாம் என்று அரசாங்கம் அனுமதித்தால் என்ன சொல்வீர்கள்?

"நர்ஸ் மருந்து எழுதறதா? அதெல்லாம் டாக்டர் வேலையாச்சே!"

பெரும்பாலான வீடுகளில் முதலில் வாயில் வரும் பதில் இதுதான். ராத்திரி பத்தரை மணிக்கு ரகசியமாகக் கேட்பதைப் பகல் பத்தரை மணிக்கு வெளிப்படையாக ஏற்க மட்டும் மனம் தயங்குகிறது. ஏன் இந்தத் தயக்கம்? இதில் எவ்வளவு நியாயம், எவ்வளவு வெறும் பழக்கம்? கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம், வாருங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

உங்கள் வீட்டில் இருக்கும் ஆன்டிபயாடிக் மாத்திரை அட்டையை எடுத்துப் பாருங்கள். 'பதிவு பெற்ற மருத்துவரின் சீட்டு இருந்தால் மட்டுமே விற்க வேண்டும்' என்ற பொருளில் ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும். 1945-ஆம் வருடத்து மருந்து விதிகளில் 'ஹெச்' பட்டியல் என்று ஒன்று இருக்கிறது. அதில் வரும் மருந்துகளுக்கெல்லாம் இந்த எச்சரிக்கை கட்டாயம். ஆன்டிபயாடிக்குகள் கண்டபடி விற்கப்படுவதைத் தடுக்க 2014 மார்ச் முதல் 'ஹெச் 1' என்று இன்னொரு கடுமையான பட்டியலும் நடைமுறைக்கு வந்தது. அந்த மருந்துகளை விற்றால் கடைக்காரர் தனி ரிஜிஸ்டரில் டாக்டர் பெயர், நோயாளி பெயர், மருந்தின் பெயர், அளவு எல்லாம் எழுதி, மூன்று வருடம் பாதுகாத்து வைக்க வேண்டும்.

ஆக, நம் நாட்டில் மருந்துச் சீட்டு எழுதும் உரிமை டாக்டருடையது. ஆஸ்பத்திரி வார்டில் நர்ஸ் ஊசி போடுகிறார், டிரிப் ஏற்றுகிறார், மாத்திரை கொடுக்கிறார் என்றால் அதெல்லாம் டாக்டர் கேஸ் ஷீட்டில் எழுதிய உத்தரவின்படிதான்.

இந்த ஏற்பாட்டில் என்ன சிக்கல் என்று கேட்கிறீர்களா? ஆபரேஷன் முடிந்து வார்டில் படுத்திருந்தவர்களைக் கேளுங்கள், சொல்வார்கள். நடுராத்திரியில் வலி உயிர் போகும். சிஸ்டர் பக்கத்திலேயே நிற்பார். என்ன மருந்து கொடுத்தால் வலி அடங்கும் என்று அவருக்குத் தெரியும். மருந்தும் அலமாரியில் இருக்கும். ஆனால் டியூட்டி டாக்டர் இன்னொரு மாடியில் வேறொரு சீரியஸ் கேஸில் இருப்பார். அவர் வந்து எழுதும் வரை வலிப்பவர் வலித்துக்கொண்டேதான் இருக்க வேண்டும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க வேண்டும் என்பார்களே, அந்தக் கதைதான்!

கையெழுத்துக்காகக் காத்திருந்த நர்ஸ்கள்

இதே கதை இங்கிலாந்திலும் நடந்தது. அங்கே 'டிஸ்டிரிக்ட் நர்ஸ்' என்று ஒரு பதவி உண்டு. நடக்க முடியாத முதியவர்கள், காலில் ஆறாத புண் உள்ளவர்கள், சிறுநீர்க் குழாய் பொருத்தப்பட்டவர்கள் ஆகியோரின் வீடுகளுக்கே போய்க் கட்டுப் போட்டு, கவனித்து வருவது இவர்கள் வேலை. எந்தப் புண்ணுக்கு எந்த மாதிரிக் கட்டு ஒத்துவரும் என்பது டாக்டரைவிட இந்த நர்ஸுக்கு நன்றாகத் தெரியும். தினமும் பார்க்கிறவர் இவர்தானே! ஆனால் அந்தக் கட்டுத் துணியை எழுதிக் கொடுக்க இவருக்கு அதிகாரம் கிடையாது. வேலையெல்லாம் முடித்துவிட்டு டாக்டரின் கிளினிக்குக்குப் போய், வாசலில் காத்து நின்று, தான் முடிவு செய்த மருந்துக்கு அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டும்.

1986-இல் ஜூலியா கம்பர்லெஜ் தலைமையிலான குழு, வீடுகளுக்குப் போகும் நர்ஸ்களின் சேவையைப் பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தது. இந்த வீண் அலைச்சலைச் சுட்டிக்காட்டி, 'ஒரு சிறிய பட்டியலில் உள்ள மருந்துகளையாவது நர்ஸ்களே எழுதட்டும்' என்று அது பரிந்துரைத்தது. உடனே நடந்துவிட்டதா? இல்லை. 1989-இல் டாக்டர் ஜூன் கிரவுன் தலைமையில் இன்னொரு குழு. 1992-இல் ரோஜர் சிம்ஸ் என்ற எம்.பி. தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்து அது சட்டமானது. 1994-இல் இங்கிலாந்தில் எட்டே எட்டு இடங்களில் பரிசோதனை முயற்சியாகத் தொடங்கினார்கள்.

முதலில் கொடுத்த பட்டியல் என்ன தெரியுமா? புண்ணுக்கான கட்டுகள், மலச்சிக்கல் மருந்து, பாராசிட்டமால், பேன் மருந்து, பூச்சி மருந்து... இப்படிச் சாதாரணமானவைதான். அது ஒழுங்காக நடக்கிறது என்று பார்த்த பிறகு 2002-இல் பட்டியலை நீட்டினார்கள். 2006 மே மாதம் முதல், தனிப் பயிற்சி முடித்த நர்ஸ்கள் தங்களுக்குத் தேர்ச்சி உள்ள துறையில் ஏறக்குறைய எல்லா மருந்துகளையும் எழுதலாம் என்றாகிவிட்டது. மார்ஃபின் போன்ற கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளில் பெரும்பாலானவற்றுக்கும் 2012-இல் அனுமதி கிடைத்தது. அறிக்கை வந்த வருடத்திலிருந்து கணக்குப் போட்டால் இருபத்தாறு வருடம்! இன்று பிரிட்டனில் மருந்து எழுதத் தகுதி பெற்ற நர்ஸ்கள் 50 ஆயிரத்துக்கும் மேல்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது வேகத்தை அல்ல, நிதானத்தை. நர்ஸிங் படித்துவிட்டாலே சீட்டு எழுதலாம் என்று அங்கே விட்டுவிடவில்லை. 2006-இல் இருந்த விதிப்படி மூன்று வருட அனுபவம் வேண்டும். அதற்கு மேல் 26 நாள் வகுப்பு. பிறகு 12 நாள் ஒரு டாக்டரின் நேரடிக் கண்காணிப்பில் பயிற்சி. தேர்வில் தேறினால்தான் பதிவேட்டில் பெயருக்கு நேராக அந்தத் தகுதி ஏறும். சர்க்கரை நோய்ப் பிரிவில் வேலை பார்க்கும் நர்ஸ், தனக்குப் பழக்கமில்லாத மனநோய் மருந்தை எழுதக் கூடாது. எழுதினால் அவர் பதிவுக்கே ஆபத்து.

டாக்டர்கள் ஏன் தயங்குகிறார்கள்?

2005 நவம்பரில் பிரிட்டிஷ் அரசு இந்த முழு அனுமதியை அறிவித்தபோது, அந்நாட்டு மருத்துவர் சங்கம் கடுமையாக எதிர்த்தது. 'டாக்டர்களுக்குப் பொறாமை' என்று இதை ஒதுக்கிவிடக் கூடாது. அவர்கள் கேட்ட கேள்வி நியாயமானது.

மருந்து எழுதுவது சுலபம், நோயைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். 'நெஞ்சு எரிச்சல்' என்று வருகிற பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு அது வெறும் அசிடிட்டியாக இருக்கலாம். பத்தாவது ஆளுக்கு அது மாரடைப்பின் தொடக்கமாக இருந்தால்? அந்தப் பத்தாவது ஆளை அடையாளம் காணத்தான் ஒரு டாக்டர் வருடக் கணக்கில் உடலியல், நோய்க்குறியியல், மருந்தியல் என்று படிக்கிறார். குறுகிய காலப் பயிற்சி அதற்கு ஈடாகுமா? 'ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன்' என்று நம் ஊரில் சொல்வது சும்மாவா!

இரண்டாவது கேள்வி பொறுப்பு. மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனால் யார் பதில் சொல்வது? சீட்டு எழுதிய நர்ஸா, மேலே இருக்கும் டாக்டரா, ஆஸ்பத்திரியா? இது தெளிவாக இல்லாவிட்டால் கடைசியில் அல்லாடப் போவது நோயாளியின் குடும்பம்தான்.

மூன்றாவது, ஆன்டிபயாடிக். ஏற்கெனவே சளிக்கும் தும்மலுக்கும் ஆன்டிபயாடிக் விழுங்கி விழுங்கி, கிருமிகள் மருந்துக்கு மசியாமல் போய்க்கொண்டிருக்கின்றன. எழுதும் கைகள் அதிகமானால் விழுங்குவதும் அதிகமாகாதா?

இந்த மூன்று கேள்விகளுக்கும் பதில் இல்லாமல் யாருக்கும் பேனாவைக் கொடுக்கக் கூடாது என்பதில் சந்தேகமே வேண்டாம்.

நர்ஸ்களே என்ன நினைக்கிறார்கள்?

எல்லா நர்ஸ்களும் இந்த அதிகாரத்துக்காகத் துடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்தால் அது தப்பு. பிரிட்டனில் பயிற்சி முடித்தவர்களிலேயே சிலர் ஆரம்பத்தில் பேனாவைத் தொடத் தயங்கினார்கள். தப்பு நேர்ந்தால் கோர்ட், கேஸ் என்று அலைய வேண்டுமே என்ற பயம். 'ஏற்கெனவே வேலை கழுத்தை நெரிக்கிறது. இதில் இது வேறா? சம்பளம் மட்டும் அதேதானா?' என்ற ஆதங்கம்.

இன்னொரு பக்கம் ஆர்வத்தோடு வந்தவர்கள் சொல்லும் காரணம் எளிமையானது. மருந்தை எழுதுபவர் ஒருவர். அதைக் கையில் எடுத்துக் கொடுத்து, அது என்ன செய்கிறது என்று பக்கத்திலிருந்து பார்ப்பவர் நர்ஸ். மாத்திரை போட்டதும் அந்தப் பெரியவருக்குத் தலை சுற்றியதா, வாந்தி வந்ததா, ராத்திரி தூங்கினாரா என்பதெல்லாம் முதலில் தெரிவது அவருக்குத்தான். நர்ஸிங் படிப்பில் ஆரம்பத்திலேயே 'ஐந்து சரி' என்று ஒரு பாடம் வரும். சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம். டாக்டர் அவசரத்தில் அளவை மாற்றி எழுதிவிட்டால், "டாக்டர், இது சரிதானா?" என்று கேட்டுத் தடுக்கிற கடைசிக் காவலும் அவர்தான். நாம் நினைப்பது போல் சொன்னதைக் கொடுக்கும் வேலை மட்டுமல்ல அது.

நோயாளிகளுக்கு என்ன ஆயிற்று?

நமக்கு வேண்டியது இதுதான் இல்லையா? டாக்டர் என்ன சொன்னார், நர்ஸ் என்ன சொன்னார் என்பதை விடுங்கள். மருந்து சாப்பிட்டவர்களுக்கு என்ன ஆயிற்று?

நியூயார்க்கில் 1995 முதல் 1997 வரை ஒரு பெரிய ஆய்வு நடந்தது. மொத்தம் 1,316 நோயாளிகள். குலுக்கல் முறையில் ஒரு பிரிவினரை டாக்டர்களிடமும், இன்னொரு பிரிவினரை உயர் பயிற்சி பெற்ற நர்ஸ்களிடமும் அனுப்பினார்கள். மருந்து எழுதுவது உள்பட இருவருக்கும் ஒரே அதிகாரம். ஆறு மாதம் கழித்துப் பரிசோதித்தால், ஆஸ்துமாவிலும் சர்க்கரையிலும் இரு பிரிவுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசமே இல்லை. ரத்த அழுத்தத்தில் கீழ் அளவு, நர்ஸ்களிடம் போனவர்களுக்குச் சற்றுக் குறைவாகவே இருந்தது. 2000-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழிலேயே இது வெளியானது.

ஓர் ஆய்வை வைத்து முடிவு கட்டக் கூடாதுதான். அதனால் காக்ரேன் என்ற அமைப்பு, உலகம் முழுவதும் நடந்த 46 ஆய்வுகளைச் சேர்த்து அலசி 2016-இல் முடிவை வெளியிட்டது. மொத்தம் 37 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். நர்ஸ்களோ மருந்தாளுநர்களோ மருந்து எழுதிய இடங்களில் ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகியவை கட்டுப்பட்ட விதம் டாக்டர்கள் எழுதிய இடங்களோடு ஒப்பிடும்படியாகவே இருந்தது. நோயாளிகளின் திருப்தியும் அப்படியே.

தென்னாப்பிரிக்காவில் நடந்தது இன்னும் முக்கியம். எய்ட்ஸ் நோயாளிகள் லட்சக்கணக்கில் காத்திருக்க, மருந்து எழுத டாக்டர்கள் போதவில்லை. 'ஃப்ரீ ஸ்டேட்' மாகாணத்தில் 31 கிளினிக்குகளில், பயிற்சி கொடுத்து நர்ஸ்களையே எழுத வைத்துப் பார்த்தார்கள். அதனால் மரணங்கள் கூடவில்லை என்பதை 2012-இல் 'லான்செட்' இதழில் வெளியிட்டார்கள். அங்கே கேள்வி 'டாக்டரா, நர்ஸா?' என்பதல்ல. 'நர்ஸா, யாருமே இல்லையா?' என்பதுதான்.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. காக்ரேன் அலசிய ஆய்வுகளில் பெரும்பாலானவை பணக்கார நாடுகளில் நடந்தவை. அங்கெல்லாம் நர்ஸ்களுக்குத் தனிப் பயிற்சி இருந்தது, சந்தேகம் வந்தால் கேட்க டாக்டர் இருந்தார், எழுதி வைத்த வழிமுறை இருந்தது. பக்க விளைவுகள் கூடினவா, குறைந்தனவா என்பதைத் திட்டவட்டமாகச் சொல்ல அந்த ஆய்வுகள் போதவில்லை என்றும் காக்ரேன் ஒப்புக்கொண்டது. ஆக, 'எந்த நர்ஸும் எந்த மருந்தையும் எழுதலாம்' என்பதற்கு இவை சான்று அல்ல. 'பயிற்சி பெற்ற நர்ஸ், எல்லைக்குள் நின்று எழுதினால் பயப்பட வேண்டியதில்லை' என்பதற்குத்தான் சான்று.

நம் நாட்டில்...

2019-இல் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியதே, ஞாபகம் இருக்கிறதா? அதன் 32-ஆவது பிரிவுதான் பெரிய புயலைக் கிளப்பியது. நவீன மருத்துவத் துறையோடு தொடர்புடைய, உரிய தகுதி பெற்றவர்களுக்குச் 'சமூகச் சுகாதார வழங்குநர்' என்ற பெயரில் வரம்புக்குட்பட்ட உரிமம் தரலாம் என்கிறது அந்தப் பிரிவு. ஆரம்ப நிலைச் சிகிச்சையிலும் நோய்த் தடுப்பிலும் மட்டும், குறிப்பிட்ட மருந்துகளை அவர்கள் தாமாக எழுதலாம். மற்றபடி டாக்டர் மேற்பார்வையில்தான். இவர்கள் எண்ணிக்கை டாக்டர்கள் எண்ணிக்கையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது.

இதை எதிர்த்து இந்திய மருத்துவச் சங்கம் 2019 ஜூலை 31 அன்று நாடு தழுவிய வேலை நிறுத்தம் செய்தது. 'மருத்துவத் துறையோடு தொடர்புடையவர்' என்றால் யார்? நர்ஸா, மருந்துக் கடைக்காரரா, லேப் டெக்னீஷியனா? சட்டத்தில் தெளிவில்லையே! நகரத்துக்காரனுக்கு டாக்டர், கிராமத்துக்காரனுக்கு அரை டாக்டரா? இதுதான் அவர்கள் கேள்வி. இரண்டுமே தட்டிக்கழிக்கக் கூடிய கேள்விகள் அல்ல.

இதற்கிடையே சத்தமில்லாமல் வேறொரு மாற்றம் நடந்தது. 2018 முதல் துணைச் சுகாதார நிலையங்களில் சமூகச் சுகாதார அலுவலர்களை நியமிக்க ஆரம்பித்தார்கள். இவர்களில் பெரும்பாலோர் நர்ஸிங் படித்தவர்கள். பிரஷர், சுகர் நோயாளிகளுக்கு ஆரம்பச் சுகாதார நிலைய டாக்டர் மருந்தை முடிவு செய்கிறார். அதன் பிறகு மாதா மாதம் பிரஷர் பார்ப்பதும், அதே மருந்தைத் தொடர்ந்து கொடுப்பதும், ஏதாவது மாறுதல் தெரிந்தால் டாக்டரிடம் அனுப்புவதும் அவர்கள் வேலை. அதற்கும் முன்னால், 2010-லேயே மத்திய அரசின் வழிகாட்டுதல், பிரசவ நேரத்து ஆபத்தில் ஆக்ஸிடோசின், மக்னீசியம் சல்பேட் போன்ற உயிர் காக்கும் மருந்துகளைக் கிராமச் சுகாதாரச் செவிலியரே கொடுக்கலாம் என்று அனுமதித்துவிட்டது. ரத்தப்போக்கில் துடிக்கும் தாய்க்கு டாக்டர் வரும் வரை நேரம் இருக்காதே!

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், பிரஷர், சுகர் மாத்திரைகள் வீட்டுக்கே வந்தன. படுக்கையில் கிடப்பவர்களைப் பார்க்க நர்ஸ் வீடு தேடிப் போனார். அந்தத் திண்ணைகளில் உட்கார்ந்திருக்கும் பாட்டிகள் யாரும் 'டாக்டர் எங்கே?' என்று நர்ஸைத் திருப்பி அனுப்புவதில்லை. பஸ் பிடித்துப் போய் வரிசையில் நிற்கும் வேலை மிச்சம் என்றுதான் பார்க்கிறார்கள்.

நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள்!

இப்போது நம் கதைக்கு வருவோம். 'நர்ஸ் எழுதினால் பயம்' என்கிற நாம், மருந்து விஷயத்தில் எவ்வளவு ஜாக்கிரதை?

"தம்பி, தலைவலிக்கும் ஜுரத்துக்கும் ஏதாவது கொடுப்பா" என்று மெடிக்கல் ஷாப்பில் கேட்டு, கவுன்ட்டரில் நிற்கும் பையன் இரண்டு வேளைக்குக் கிழித்துக் கொடுக்கும் நாலு கலர் மாத்திரையை வாங்கி விழுங்குவதில்லையா? அந்தப் பையன் ஃபார்மஸி படித்தவரா என்று என்றைக்காவது கேட்டதுண்டா? மூன்று வருடத்துக்கு முந்தைய சீட்டை மடித்து மணிபர்ஸில் வைத்துக்கொண்டு, அதே பிரஷர் மாத்திரையை வாங்கிக்கொண்டே இருப்பதில்லையா? "எனக்கு இந்த மாத்திரை நல்லா கேட்டுது, நீயும் போட்டுக்கோ" என்று எதிர் வீட்டு மாமி கொடுத்ததைப் போட்டுக்கொள்வதில்லையா?

படிக்காத கையிலிருந்து மருந்து வாங்க நமக்குப் பயமில்லை. நாலு வருடம் படித்து, வார்டில் பழுத்த கை எழுதினால் மட்டும் பயம். வேடிக்கையாக இல்லை?

அந்தப் பக்கத்து வீட்டு சிஸ்டரையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ராத்திரி நேரத்தில் நீங்கள் கேட்கிறீர்களே என்று ஒரு மருந்தின் பெயரைச் சொல்லிவிடுகிறார். ஏதாவது ஒன்று ஆகிவிட்டால்? சட்டம் அவர் பக்கம் இல்லை. எழுதி வைத்த கேஸ் ஷீட் இல்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள டாக்டர் இல்லை. உபகாரம் செய்யப் போய் வேலைக்கே உலை வைத்துக்கொள்ள வேண்டியதுதான்! அவருடைய அறிவை இலவசமாக, ரகசியமாகப் பயன்படுத்திக்கொள்கிறோம். அதற்கு ஒரு பயிற்சியும் எல்லையும் பாதுகாப்பும் கொடுத்து வெளிச்சத்துக்குக் கொண்டுவரலாம் என்றால் 'ஐயோ' என்கிறோம். ரகசியமாக நடப்பதுதான் ஆபத்து. வெளிச்சத்தில் நடப்பதைத் தட்டிக் கேட்கலாம், திருத்தலாம்.

அதனால் 'நர்ஸ் எழுதலாமா, கூடாதா?' என்று பட்டிமன்றம் நடத்துவதைவிட, 'என்னென்ன நிபந்தனையோடு எழுதலாம்?' என்று கேட்பதுதான் புத்திசாலித்தனம். தனிப் பயிற்சியும் தேர்வும் வேண்டும். எந்த நோய்க்கு, எந்த மருந்து என்ற தெளிவான பட்டியல் வேண்டும். சந்தேகம் வந்தால் உடனே கேட்க ஒரு டாக்டர் இருக்க வேண்டும். எழுதியது எல்லாம் பதிவாக வேண்டும். தவறு நேர்ந்தால் யார் பொறுப்பு என்பது சட்டத்தில் இருக்க வேண்டும். கூடுதல் பொறுப்புக்குக் கூடுதல் சம்பளமும் வேண்டும். இந்த ஆறும் இருந்தால் பயம் தேவையில்லை. இதில் ஒன்று குறைந்தாலும் டாக்டர்களின் எதிர்ப்பில் நியாயம் இருக்கிறது என்றுதான் அர்த்தம்.

அதுவரை நீங்கள் செய்ய வேண்டியது

* வீட்டில் ஒவ்வொருவரும் தினமும் சாப்பிடும் மருந்து, அளவு, ஒத்துக்கொள்ளாத மருந்து எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி பீரோவில் ஒட்டி வையுங்கள். டாக்டரானாலும் நர்ஸானாலும் முதலில் அதைக் காட்டுங்கள்.

* மருந்து தருபவர் யாராக இருந்தாலும் கேளுங்கள்: இது எதற்கு? எத்தனை நாளைக்கு? என்ன தொந்தரவு வந்தால் நிறுத்திவிட்டு ஓடி வர வேண்டும்? கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று கூச்சப்படாதீர்கள்.

* தெரிந்த நர்ஸிடம் ஆலோசனை கேளுங்கள், தப்பில்லை. ஆனால் "ஒரு ஆன்டிபயாடிக் சொல்லுங்க, ஒரு ஊசி போட்டு விட்டுடுங்க" என்று வற்புறுத்தாதீர்கள். "டாக்டரைப் பாருங்கள்" என்று அவர் சொல்வதும் ஒரு சிகிச்சைதான்.

* நர்ஸ், டாக்டர் என்று யோசிக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியவை: நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், வலிப்பு, திடீரென்று வாய் கோணுவது அல்லது கை கால் விழுந்துபோவது, கர்ப்பிணிக்கு ரத்தப்போக்கு, மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல். உடனே 108-க்குப் போன் செய்யுங்கள்.

* கர்ப்பிணிகள், தாய்ப்பால் கொடுப்பவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் வலி மாத்திரையைக்கூடத் தொடாதீர்கள்.

* பழைய சீட்டை வைத்து மருந்தைத் தொடர வேண்டாம். மறுபடி எப்போது வந்து காட்ட வேண்டும் என்று டாக்டரிடமே கேட்டு, சீட்டில் எழுதி வாங்குங்கள்.

மறுபடி அந்தப் பத்தரை மணிக்கே வருவோம். குழந்தையின் நெற்றியில் அந்த சிஸ்டர் கை வைத்ததும் உங்களுக்குப் பாதி பயம் போய்விட்டது, இல்லையா? அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது? அவர் கையில் இருந்த சீட்டிலிருந்து அல்ல. எத்தனையோ குழந்தைகளைத் தொட்டுப் பார்த்த அனுபவத்திலிருந்து. அந்த அனுபவத்துக்கு முறையான பயிற்சியும் சட்டத்தின் காவலும் சேர்ந்தால், நாளைக்கு அந்த வீட்டுக் கதவைத் தட்டும்போது நீங்களும் தயங்க வேண்டாம். திறக்கும்போது அவரும் பயப்பட வேண்டாம்.